தகரத்திலை எழுதிப் பார்த்த பேர்

யாழ்ப்பாணம்

அன்புள்ள பிள்ளைக்கு,

நானும் அம்மாவும் சுகம். உங்கை குளிர் விட்டிருக்கும் எண்டு நினைக்கிறம். இஞ்சை சோழகம் தொடங்கியிட்டுது, முத்தம் முழுக்கப் புழுதி.

ஞாயிற்றுக்கிழமை நீ போனிலை கேட்டதுக்கு நான் வடிவாய் மறுமொழி சொல்ல முதல் லைன் அறுந்துபோச்சு. எழுதினால்தான் எனக்கு ஒழுங்காய் வரும். நாப்பது வருசம் கடை போர்டிலை மற்றவையின்ரை பேரை எழுதிச் சீவிச்சவனிட்டைப் பேர் கேட்டிருக்கிறாய், அது ஒரு போன் கதையிலை முடியுமே?

எனக்கு விளங்கின மட்டிலை விசயம் இதுதான். பாமினி எண்ட பழைய எழுத்துருவிலை அடிச்ச பழைய கல்வெட்டு (செத்தவீட்டு நினைவுப் புத்தகம்), கும்பாபிசேக மலர், பள்ளிக்கூட மலர் எல்லாம் இப்ப கம்பியூட்டரிலை திறந்தால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாய்க் கிடக்கு. அதை இப்ப எல்லாரும் பாவிக்கிற யூனிகோட் எழுத்து முறைக்கு மாத்தி, எழுத்துப்பிழையும் பார்த்து, அடுக்கி வைக்க நீங்கள் நாலு பேர் ஒண்டு செய்யிறியள். ஆரும் சும்மா எடுக்கலாம், உள்ளுக்குத் திறந்து திருத்தலாம். அதுக்கு "யாழ்" எண்டு, ஆங்கிலத்திலை நாங்கள் எழுதிற மாதிரி ஆர், எல் போட்டு வைக்க ஆசைப்பட்டியள். தேடிப் பார்த்தால் பைதன் எண்ட கம்பியூட்டர் மொழிக்காரர் அந்த எழுத்துகளிலை ஏற்கெனவே ஒண்டு வைச்சிருக்கினம். இணைய முகவரியைப் பிரிச்சு மேயிற சாமானாம். "இன்னுமொரு யூஆர்எல் நூலகம்" எண்டதை ஆங்கிலத்திலை சுருக்கின பேர். எங்கடை ஊருக்கும் அதுக்கும் ஒரு தொடர்பும் இல்லை. நான் சிரிச்சுப்போட்டன், நீ சிரிக்கேல்லை.

கவலைப்படாதை. அந்தப் பேர் கிடைச்சிருந்தாலும் நான் வேண்டாம் எண்டுதான் சொல்லியிருப்பன். தமிழிலை எழுதேக்கை எனக்கு ஆகப் பிடிச்ச எழுத்து ழ. வாலை வளைச்சுக் கீழை இறக்கேக்கை பிரஷ் ஒரே இழுவையிலை போகவேணும், நடுவிலை கையை எடுத்தால் தழும்பு தெரியும். ஆனால் போர்டிலை அதுக்குக் கீழை சிங்களம், ஆங்கிலம் எண்டு ரண்டு வரி இருக்கு. சிங்களத்திலை ழ இல்லை. ஆங்கிலத்திலை நாங்கள் ஆர், எல் போடுவம், இந்தியாவிலை இசட், எச் போடுவினம், இன்னும் சிலர் வெறும் எல்லோடை விட்டிடுவினம். கடைக்கு வாற சனம் எழுத்துப் பிழைச்சாலும் வாசலைக் கண்டுபிடிக்கும். உன்ரை சாமானைத் தேடுறவன் ஒரு எழுத்தை மாறி அடிச்சால் வேறை எங்கையோதான் போய் நிப்பான். 2005இலை எங்கடை ஆக்கள் "நூலகம்" எண்ட இணைய நூலகத்தைத் தொடங்கேக்கை இணைய முகவரியிலை "க"வுக்கு எச் போட்டவை. எங்கடை வாய்க்கு அது சரி. ஆனால் ஜி போட்டுத் தேடுற ஆளும் இருக்குமே.

இன்னொண்டும் யோசி. காங்கேசன்துறை வீதியிலை ஒரு கடைக்காரருக்கு நான் போர்ட் எழுதினனான். கடவுளின்ரை பேர், தகப்பன்ரை பேர், தன்ரை பேர், "அன் சன்ஸ்" எல்லாம் ஒரே வரியிலை வரவேணும் எண்டு நிண்டார். சோக்குத் தடவின நூலை இழுத்துச் சுண்டிக் கோடு போட்டிட்டுப் பார்க்கிறன், ஒரு எழுத்துக்கு ரண்டு விரல் அகலமும் இல்லை. சொன்னன், கேக்கேல்லை. எழுதிக் குடுத்தன். பஸ்ஸிலை போற ஒருத்தராலும் வாசிக்கேலாது. பின்னணிக்கு நான் மஞ்சள் அடிச்சிருந்தபடியாலை சனம் அதை "மஞ்சள் கடை" எண்டு கூப்பிடத் தொடங்கிச்சுது. பிறகு அவரே பில்லிலை அப்பிடித்தான் போட்டவர்.

அடுத்த வீட்டுப் பொடியன் கம்பஸிலை கம்பியூட்டர் படிக்கிறான். அவனைப் பிடிச்சு இருத்திக் கேட்டன். லினக்ஸ் எண்ட இயங்குதளத்துக்கும் அப்பிடித்தானாம், பேர் வேறை ஆள் வைச்சது. 1991இலை செய்த லினஸ் "ஃப்ரீக்ஸ்" எண்டு வைக்கத்தான் நினைச்சவர். சேவரிலை இடம் குடுத்த சினேகிதன் அந்தப் பேர் பிடிக்காமல் தானாய் "லினக்ஸ்" எண்டு போட்டுவிட்டார்.

பக்கத்துத் தெருவிலை என்ன பேர் இருக்கு எண்டு பார்க்காமல் எழுதிப்போட்டு நான் பட்ட பாடு உனக்குத் தெரியும். காயாத பெயின்டை மண்ணெண்ணெய்த் துணியாலை துடைச்சுக்கொண்டு ஏணியிலை நிண்டனான், கீழை ரண்டு முதலாளிமாரும் சண்டை. இணையம் பார்க்கிற பயர்பொக்ஸ் உலாவியும் இந்த வழியாலை வந்ததுதானாம். 2002இலை பீனிக்ஸ். அதே பேரிலை ஒரு கம்பனி இருந்ததாலை 2003இலை பயர்பேர்ட். அந்தப் பேரிலை ஒரு தரவுத்தளம் ஏற்கெனவே இருக்கு, அவையும் சும்மா ஆக்கள் செய்யிற வேலைதான், ஆனாலும் விடேல்லை. 2004இலைதான் பயர்பொக்ஸ். எனவே முதலே நாலு தெருவும் சுத்திப் பார்.

அம்மம்மாவின்ரை பேரை வைக்கலாமோ எண்டும் கேட்டாய். வேண்டாம் பிள்ளை. மைஎஸ்கியூஎல் எண்ட தரவுத்தளத்தைச் செய்த மனுசன் தன்ரை மகள் "மை"யின்ரை பேரைத்தான் அதுக்கு வைச்சவர். 2008இலை கம்பனி விலைப்பட்டுது, மகளின்ரை பேரும் கூடவே போச்சு. பிறகு அதே நிரலை எடுத்து இளையவளின்ரை பேரிலை மரியாடிபி எண்டு தொடங்கினார். கெட்டிக்காரன், இல்லையெண்டு சொல்லேல்லை. எண்டாலும் பிள்ளையின்ரை பேரை ஆரோ வழக்கறிஞர் கடதாசியிலை கையெழுத்து வைக்கிறதை என்னாலை பார்த்துக்கொண்டு இருக்கேலாது. அதோடை உங்கள் நாலு பேருக்கையும் பேர் ஆருக்குச் சொந்தம் எண்டதை இப்பவே எழுதி வையுங்கோ. இப்ப சினேகிதம்தான், சரி. எதிரீல் எண்டு, நெட்வேர்க்கிலை என்ன போகுது எண்டு பார்க்கிற ஒரு சாமானைச் செய்தவர் 2006இலை வேலை மாறினார். பேர் அவரின்ரை கையிலை இல்லை. அதாலைதான் அது வயர்ஷார்க் ஆனது. வாடகைக் கடை மாதிரி, சாமான் வெளியிலை வந்திட்டுது, போர்ட் உள்ளுக்கை நிண்டிட்டுது.

ஆரும் உங்கடை நிரலை எடுத்து வேறை பேரிலை விட்டால் என்ன செய்யிறது எண்டு பயந்தாய். வல்வெட்டித்துறையிலை கட்டின அன்னபூரணிக் கப்பலை ஒரு அமெரிக்கர் வாங்கிப் "புளோரன்ஸ் சி. ரொபின்சன்" எண்டு பேர் மாத்தினார். வல்வெட்டித்துறை ஆக்கள்தான் அதை 1938இலை அமெரிக்காவின்ரை குளோஸ்டர் வரைக்கும் ஓட்டிக்கொண்டு போனவை. இஞ்சை இண்டைக்கும் அது அன்னபூரணிதான். விடு, எடுக்கட்டும்.

என்ரை யோசினை "பனாட்டு". பனங்களியைப் பாயிலை ஊத்தி, காயக் காய மேலை மேலை ஊத்தி, அடுத்த வருசத்துக்கு எண்டு மடிச்சு வைக்கிறம். நீங்கள் பழைய எழுத்துக்குச் செய்யிறதும் ஏறக்குறைய அதுதானே? ழவும் இல்லை, ளவும் இல்லை. ஆங்கிலத்திலை ஏழு எழுத்து.

எழுதியும் பார்த்திட்டன். பழைய தகரம் ஒண்டைத் திருப்பி, "யாழ்", "ஓலை", "பனாட்டு" மூண்டையும் மூண்டு வரியாய் ஆங்கிலத்திலை எழுதி ஒழுங்கைப் பக்க மதிலிலை சாத்தினன். பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளையளை வாசிக்கச் சொன்னன். முதலாவதை மூண்டு விதமாய் வாசிச்சினம். "ஓலை" பரவாயில்லை. "பனாட்டு"வைச் சின்னவன் ஒருத்தன் சைக்கிளாலை இறங்காமலே வாசிச்சிட்டு, "ஐயா, விக்கிறியளோ?" எண்டு கேட்டான்.

அந்தப் பேரிலை வேறை ஆரும் இருக்கினமோ எண்டு நீதான் தேடவேணும், எனக்கு அது ஏலாது. தகரம் மதிலிலைதான் நிக்குது, பெயின்டும் அரை டின் மிச்சம். வேறை பேர் எண்டாலும் சொல்லு, எழுதிப் பார்ப்பம். அம்மா பார்சலுக்கு ஒடியலும் போன வருசப் பனாட்டும் கட்டி வைச்சிருக்கிறா.

அன்புடன்,
அப்பா