மாப்பிள்ளையின் ரிப்போர்ட்டில் இருக்கும் அந்த 85

அன்பு மகளுக்கு,

நீ அனுப்பிய மாப்பிள்ளையின் பயாப்சி (திசுப் பரிசோதனை) ரிப்போர்ட்டைப் படித்தேன். லிம்போமா, அதாவது நிணநீர் மண்டலப் புற்றுநோய் என்று வந்திருக்கிறது. நோயின் பெயரை விட "கேஐ-67: 85 சதவீதம்" என்ற வரிதான் உன்னைத் தூங்கவிடவில்லை என்று தெரிகிறது. உடம்பில் 85 சதவீதம் பரவிவிட்டதா என்று கேட்டிருக்கிறாய். இல்லை. பிழைக்க 15 சதவீதம்தான் வாய்ப்பு என்றும் இல்லை. இத்தனை வருஷம் மைக்ராஸ்கோப் பார்த்தவள் சொல்கிறேன், நம்பு.

கேஐ-67 என்பது செல்லின் உட்கருவில் இருக்கும் ஒரு புரதம். பெருகும் வேலையில் இறங்கிய செல்லில் அது இருக்கும்; ஓய்வில் இருக்கும் செல்லில் இருக்காது. 1983-இல் ஜெர்மனியின் கீல் நகரில் யோஹன்னஸ் கெர்டெஸும் கூட வேலை செய்தவர்களும் இந்தப் புரதத்தில் போய் ஒட்டி அதைக் காட்டிக்கொடுக்கும் ஆன்டிபாடியை உருவாக்கினார்கள். அதைத் திசுவின் மேல் விட்டு நிறமேற்றினால் பெருகும் செல்களின் உட்கரு பழுப்பாகத் தெரியும். புற்றுநோய் செல்கள் நூறில் எத்தனை பழுப்பு என்பதுதான் அந்த 85. அதையும் பெரும்பாலும் கண்ணால் பார்த்துத்தான் மதிப்பிடுகிறோம். எனக்கு 85 என்று படுவது பக்கத்து நாற்காலிக்காரருக்கு 75 என்று படலாம்.

இன்னொன்று கேள். தொண்டையில் புண் வந்தால் கழுத்தில் நெறி கட்டுமே, அந்த நிணநீர்க் கணுவில் செல்கள் பெருகும் இடங்களான முளைமையங்களிலும் கிட்டத்தட்ட எல்லா செல்லும் பழுப்பாகத்தான் இருக்கும். அது புற்றுநோயே இல்லை. எந்த நோயில் எவ்வளவு என்று பார்த்தால்தான் அந்த எண்ணுக்கு அர்த்தம். மேன்டில் செல் லிம்போமாவில் 30 சதவீதத்தைத் தாண்டினால் நாங்கள் கவலைப்படுவோம். அங்கே அது நன்றாகவே முன்கணிக்கும். பர்கிட் லிம்போமாவில் ஏறக்குறைய 100 இருக்கும், அதைப் பார்த்தாலே பர்கிட்டோ என்ற சந்தேகம் வரும். ஆனால் கடுமையான கீமோ கொடுத்தால் அவர்களில் பெரும்பாலோர் குணமாகிறார்கள். பெரும்பாலும் 20-க்குக் கீழே இருக்கும் ஃபாலிக்குலர் லிம்போமா வகை மெதுவாக வளரும், வருஷக்கணக்கில் சும்மா கிடக்கும், ஆனால் அடங்கி அடங்கித் திரும்ப வரும். வேகமாகப் பெருகுவது குணமாவதும் இதனால்தான்: பெருகும் செல்லைத்தானே கீமோ பிடித்து அடிக்கிறது!

மாப்பிள்ளைக்கு வந்திருப்பது டிஃப்யூஸ் லார்ஜ் பி-செல் லிம்போமா. அதில் 40-இலிருந்து 90-க்கு மேல் வரை சாதாரணமாகவே பார்ப்போம். இந்த நோயில் கேஐ-67 அதிகமாக இருந்தால் முடிவு மோசமா என்று எத்தனையோ ஆய்வுகள் வந்தாயிற்று. சிலது ஆம் என்கிறது, சிலது வித்தியாசமே இல்லை என்கிறது. அதனால் இந்த வகையில் அந்த எண்ணை மட்டும் வைத்து யாராவது ஆயுளைச் சொன்னால் நான் காது கொடுக்க மாட்டேன். இது வேகமாக வளரும் நோய், சிகிச்சையைத் தள்ளிப்போடக் கூடாது. 85 சொல்வது அவ்வளவுதான்.

டாக்டர் முன்கணிப்புக்குப் பார்ப்பது வேறு: வயது 60-க்கு மேலா, ரத்தத்தில் எல்டிஎச் என்ற நொதி கூடியிருக்கிறதா, நோய் எந்த நிலை, நிணநீர்க் கணுவுக்கு வெளியே எத்தனை இடம், அன்றாட வேலைகளைத் தானே செய்துகொள்கிறாரா. இந்த ஐந்தையும் சேர்த்த ஐபிஐ மதிப்பெண் 1993-இலிருந்து இருக்கிறது. மாப்பிள்ளை மாடி ஏறி இறங்குகிறார், வேலைக்கும் போகிறார் என்று எழுதியிருந்தாயே, அது எனக்கு 85-ஐ விடப் பெரிய சேதி.

அப்புறம், ரிப்போர்ட்டில் ஃபிஷ் என்ற மரபணுப் பரிசோதனை பற்றி ஒன்றும் இல்லை. மிக், பிசிஎல்-2 மரபணுக்கள் இடம் மாறியிருக்கின்றனவா என்று பார்த்தார்களா என டாக்டரிடம் கேள். இரண்டுமே மாறியிருந்தால் வழக்கமாகக் கொடுக்கும் ஆர்-சாப் என்ற மருந்துக் கூட்டு போதாமல் போகலாம், மருந்தை மாற்ற யோசிப்பார்கள். அதைக் கேட்பதற்குத் தயங்காதே, அவர்கள் தப்பாக நினைக்க மாட்டார்கள்.

இதையெல்லாம் மாப்பிள்ளையிடமும் சொல். அவரிடமிருந்து மறைத்து வைத்துக்கொண்டு நீ மட்டும் இன்டர்நெட்டைத் துழாவ வேண்டாம். எல்டிஎச்சும் பெட் ஸ்கேனும் வந்ததும் அனுப்பு, எந்த நேரமானாலும் பரவாயில்லை.

அம்மா