தவறிய எறிக்கு எத்தனை கட்டம்?

ஆசிரியர் அவர்களுக்கு,

ஞாயிறு பின்னேரங்களில் வெள்ளவத்தையில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையைச் சுற்றி ஐந்து பிள்ளைகள் கூடுவார்கள். கட்டம் போட்ட தாளும் தாயக்கட்டைகளும் வைத்து பாத்பைண்டர் என்ற கற்பனைச் சாகச விளையாட்டை விளையாடுவார்கள்; ஆளுக்கொரு பாத்திரம், நடப்பதைக் கட்டை தீர்மானிக்கும். ஆங்கில விதிப்புத்தகத்தைத் தமிழில் எடுத்துச் சொல்வது, பல வருடம் தமிழ் படிப்பித்த என் பொறுப்பு.

போன கிழமை தங்கையின் மகன், 25 அடி தூரத்தில் நின்ற பூதத்தின் மேல் தீத்திராவகப் போத்தலை எறிந்தான். தவறிவிட்டது. தவறினால் எட்டுமுகக் கட்டையை உருட்டித் திசை பார்க்க வேண்டும், அது சரி. அப்புறம் அந்தத் திசையில் எத்தனை கட்டம் எண்ணுவது? எறிதலின் 'வீச்சளவு' (ஆங்கிலத்தில் range increment) எவ்வளவோ அத்தனை கட்டம் என்கிறது புத்தகம். போத்தலின் வீச்சளவு 10 அடி; அதாவது 10 அடி வரை முதல் வீச்சு, 20 வரை இரண்டாவது, 30 வரை மூன்றாவது. ஒரு கட்டம் 5 அடி என்பதால் இரண்டு கட்டம் என்றான் எறிந்தவன். அடியை விடுங்கள், பத்துக் கட்டம் என்றாள் இன்னொருத்தி. 25 அடி என்பது மூன்றாவது வீச்சு, ஆகவே மூன்று என்றான் கடைசிப் பையன். நான்காவது கட்டத்தில் நின்றது ஒரேயோர் உயிர்ப்புள்ளியோடு இருந்த அவர்களின் கூட்டாளி. போத்தல் மூன்றில் விழுந்தால் பக்கத்துக் கட்டத்துக்குத் தெறிக்கும் ஒரு புள்ளிச் சேதம் அவளைப் பூச்சியத்துக்குக் கொண்டுவந்துவிடும். யாரும் சும்மா வாதாடவில்லை.

இதன் தாய் விளையாட்டான டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸின் 2003இல் வந்த 3.5 பதிப்பிலும், அதிலிருந்து கிளைத்து 2009இல் வந்த பாத்பைண்டரிலும் இந்த வசனம் ஏறத்தாழ ஒன்றுதான். நான் மூன்றின் பக்கம். முதல் வீச்சைத் தாண்டிய ஒவ்வொரு வீச்சுக்கும் குறி பார்க்க உருட்டும் எண்ணில் 2 குறைக்கச் சொல்வதும் இதே விதிகள்தான். தூரம் கூடக் கூடக் குறி தளர்கிறது என்றால், தவறிய போத்தலும் கூடுதலாகத்தானே விலகும்? ஐந்து அடியில் எறிந்ததும் ஐம்பது அடியில் எறிந்ததும் ஒரே அளவு விலகும் என்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

ஆனால் குழப்பத்தில் என் பங்கும் உண்டு. 'வீச்சளவு' என்று நான் போட்ட சொல் ஆங்கிலத்தின் இரட்டைப் பொருளை அப்படியே தூக்கி வந்தது. 'எத்தனையாவது வீச்சோ அத்தனை கட்டம்' என்று எழுதியிருந்தால் ஒரு பொருள்தான் வந்திருக்கும். கட்டையை உருட்டிய பிறகு பொருளை மாற்றுவது அநியாயம் என்பதால், அன்றைக்கு இரண்டு கட்டம் என்றே தீர்த்தேன். வரும் ஞாயிற்றுக்கிழமையிலிருந்து ஒவ்வொரு வீச்சுக்கும் ஒரு கட்டம். கொப்பியில் எழுதி, ஐந்து பேரிடமும் கையெழுத்து வாங்கியாயிற்று.

தவறிய கத்தி, கோடரிக்கு இந்த விதி இல்லை. தெறிக்கும் பொருளுக்கு மட்டும்தான்.

தமிழில் இந்த விளையாட்டை நடத்தும் வாசகர்கள் இந்த இடத்தில் என்ன சொல் வைத்திருக்கிறார்கள் என்று உங்கள் பக்கத்தில் எழுதினால், பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டுவேன்.

வெள்ளவத்தை வாசகி,
கொழும்பு 06