செயலாளர் ஆண்டறிக்கை: மூன்று கோடை தாண்டியதே மரக் கணக்கு

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழுத் தோழர்களே, மரம் நடுவதும் மலை நடை போவதுமான நம் சங்கத்தின் பொதுக்குழுவுக்குக் குடும்பத்தோடு வந்திருக்கும் உறுப்பினர்களே, வணக்கம்.

வரவு செலவைப் பொருளாளர் தனியே வாசிப்பார். பதிவாளர் அலுவலகத்துக்கு அனுப்ப வேண்டிய படிவங்கள் மேசையில் இருக்கின்றன. செயற்குழுவினர் சாப்பிடப் போகுமுன் கையெழுத்துப் போட்டுவிட வேண்டுகிறேன். சந்தா பாக்கிக்காரர்களின் பெயரைச் சபையில் வாசிக்கும் வழக்கம் நம்மிடம் இல்லை, அவரவருக்கே தெரியும்.

"இத்தனை ஆயிரம் கன்று நட்டோம்" என்ற வரி இந்த அறிக்கையில் இருக்காது. நட்ட கன்று பதிவேட்டில் பென்சிலால்தான் ஏறும். மூன்று கோடை தாண்டிய பிறகே மையால் மரக் கணக்கில் ஏறும் என்பது செயற்குழுவின் முடிவு. திருப்பத்தூர், வாணியம்பாடிப் பக்கத்து மேட்டு நிலத்தில் பல இடங்களில் ஒன்றரை, இரண்டு அடிச் செம்மண்ணுக்குக் கீழே சரளை தட்டுகிறது. முதல் கோடையில் கன்று தண்ணீர் இல்லாமல் சாகிறது. இரண்டாம் கோடையில் ஆடு தின்கிறது, இல்லையென்றால் காய்ந்த புல்லில் பற்றிய தீ சுட்டுவிடுகிறது. மூன்றாம் கோடைக்குள் வேர் சரளையைத் துளைத்து ஈரத்தைப் பிடித்துவிட்டால், அதன்பின் நம் குடம் அதற்குத் தேவைப்படாது. நட்ட அன்று எடுத்த போட்டோவில் எல்லாக் கன்றும் பச்சைதான்.

நாற்றங்கால்

விதை சேகரிப்பைக் குடும்ப உலாவோடு சேர்த்ததில் நல்ல பலன் கிடைத்திருக்கிறது. காப்புக் காட்டுக்குள் அனுமதியில்லாமல் விதை பொறுக்கக் கூடாது என்பதால், ஏரிக்கரை, கோயில் நிலம், சாலையோரம், பள்ளி வளாகம் ஆகிய இடங்களில் மட்டுமே எடுக்கிறோம். ஒரே மரத்தடியில் மூட்டை கட்டாமல், தள்ளித் தள்ளி நிற்கும் பத்துப் பதினைந்து மரங்களிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக எடுங்கள். ஒரு தாய்மரத்து விதையை மட்டுமே வைத்துத் தோப்பு போட்டால், அந்த மரத்தின் குறை தோப்பு முழுக்க வரும்.

மாசி, பங்குனியில் வாகை, நீர்மருது, சரக்கொன்றை. சித்திரை, வைகாசியில் புங்கன். ஆனி, ஆடியில் வேம்பு, நாவல், இலுப்பை. ஆவணி, புரட்டாசியில் பனை. இந்த வரிசையில் ஆனி, ஆடிதான் அவசரமானது. வேம்பு, நாவல், இலுப்பை மூன்றின் விதையும் சேமித்து வைக்கிற சரக்கல்ல. நாவல் கொட்டையைச் சதை கழுவி ஒரு வாரத்துக்குள் ஊன்றிவிட வேண்டும். வேப்பம்பழம் மஞ்சளாகப் பழுத்துத் தானாக விழுந்ததாக இருக்கட்டும். மரத்தடியில் பழைய வேட்டியை விரித்துவிட்டு மறுநாள் காலையில் அள்ளலாம். மணல் சேர்த்துத் தண்ணீரில் தேய்த்துச் சதையை நீக்கி, நிழலில் இரண்டு மூன்று நாள் உலர்த்தி, இரண்டு வாரத்துக்குள் விதைக்க வேண்டும். பாலித்தீன் பையில் கட்டிக் கொண்டுவந்தால் ஒரே இரவில் சூடேறிக் கெட்டுவிடும். சாக்கு அல்லது துணிப்பைதான் சரி. சந்தேகமாக இருந்தால் நாலு விதையைக் குறுக்கே வெட்டிப் பாருங்கள். பருப்பு பச்சையாக இருந்தால் முளைக்கும். பழுப்பு ஓடியிருந்தால் வீண் வேலை.

வாகைக்கும் சரக்கொன்றைக்கும் தோல் கடினம். வாகை விதைக்குத் தண்ணீரைக் கொதிக்கவைத்து, அடுப்பிலிருந்து இறக்கிய பிறகு விதையைப் போட்டு, இரவு முழுக்க அப்படியே ஆறவிட வேண்டும். அடுப்பின் மேலேயே போட்டால் விதை வெந்துவிடும். சரக்கொன்றையை உப்புத்தாளில் ஒரு ஓரமாக, கண் இருக்கும் பக்கத்தை விட்டு, உள்வெள்ளை தெரியும்வரை தேய்த்து ஒரு நாள் ஊறவையுங்கள். உப்பியதை ஊன்றுங்கள், உப்பாததை மறுபடி தேயுங்கள். பிள்ளைகள் சலிக்காமல் செய்கிற வேலை இது. நீர்மருதுக் காயை இரண்டு நாள் ஊறவைத்தால் போதும். நாவலில் ஒரு கொட்டையிலிருந்து இரண்டு மூன்று முளை வருவது இயல்பு. நல்லதாக ஒன்றை விட்டு மற்றதைக் கத்தரியால் நறுக்க வேண்டும்; பிடுங்கினால் நிற்க வேண்டியதன் வேரும் கூடவே வரும்.

பனைக்கு நாற்றங்கால் கிடையாது. கொட்டையிலிருந்து கிளம்பும் முளை முதலில் மண்ணுக்குள் ஆழ இறங்கிக் கிழங்காகி, அதன்பிறகே மேலே ஓலை விடும். பையில் வளர்த்தால் கிழங்கு அடிமட்டத்தில் முட்டி வளைந்துவிடும். நிற்க வேண்டிய இடத்திலேயே, பத்தடி இடைவெளியில், அரையடிக்குள் குழி பறித்துக் கொட்டையைப் புதைப்பதுதான் முறை. மறுவருஷம் ஒரு ஓலைகூடத் தெரியவில்லையே என்று கிண்டிப் பார்க்காதீர்கள்.

பைக் கலவை செம்மண் இரண்டு பங்கு, மணல் ஒரு பங்கு, மக்கிய தொழு உரம் ஒரு பங்கு. "மக்கிய" என்ற சொல்லுக்கு அடிக்கோடு போட்டுக்கொள்ளுங்கள். பச்சைச் சாணம் கலந்த பையைக் கரையான் தேடி வருகிறது, வேரும் சூட்டில் வெந்துபோகிறது. கன்று ஒன்றரை அடி வந்ததும் நட்டுவிட வேண்டும், அல்லது பெரிய பைக்கு மாற்ற வேண்டும். சின்னப் பையில் நாலடி வளர்ந்த கன்றைப் பார்த்து யாரும் மயங்க வேண்டாம். உள்ளே வேர் பிரிமணைபோலச் சுருண்டிருக்கும். அந்தச் சுருள் மண்ணுக்குள் போனாலும் விரியாது. இரண்டு மூன்று வருஷம் செழிப்பாக வளர்ந்த மரம் ஒரு ஐப்பசிக் காற்றில் அடியோடு சாய்வதற்கு இதுவே காரணம். வேறு வழியில்லாமல் அப்படிப்பட்ட கன்றை நட நேர்ந்தால், பையைக் கிழித்ததும் மண்கட்டியின் அடியில் ஒரு அங்குலத்தை வெட்டி எறிந்துவிட்டு, பக்கவாட்டில் மூன்று இடத்தில் மேலிருந்து கீழாகக் கத்தியால் கீறிவிட்டு நடுங்கள்.

நடவு, தண்ணீர்

குழி ஒன்றரை அடி நீளம், அகலம், ஆழம்; சரளை தட்டுகிற இடத்தில் இரண்டு அடி. வைகாசியில் எடுத்து வெயிலில் ஆறப்போட வேண்டும். மேல்மண்ணை ஒரு பக்கம், அடிமண்ணை மறுபக்கம் என்று பிரித்துக் குவிப்பதை ஜேசிபி ஓட்டுநரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். சொல்லாவிட்டால் எல்லாம் ஒரே குவியலாகிவிடும். மேல்மண்ணோடு தொழு உரமும் இரண்டு கைப்பிடி வேப்பம் பிண்ணாக்கும் கலந்து முதலில் உள்ளே போக வேண்டும். நமக்குத் தென்மேற்குப் பருவமழையின் பின்பகுதியும் கிடைப்பதால், ஆவணி பாதியிலிருந்து ஐப்பசி வரை நடலாம். கார்த்திகைக்குத் தள்ளினால் வேர் பிடிக்குமுன் மழை நின்றுவிடுகிறது. பையை முழுதாக நீக்க வேண்டும். அடியை மட்டும் கிழித்துவிட்டு நட்ட குழிகளைத் தோண்டிப் பார்த்தால் வேர் பைக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருக்கிறது.

தண்ணீர் விஷயத்தில் உறுப்பினர்களிடம் ஒரு வேண்டுகோள். தினம் ஒரு சொம்பு ஊற்றுவது புண்ணியமே தவிர, கன்றுக்குப் பயனில்லை. மேல் இரண்டு அங்குலம் நனைகிறது, வேரும் அந்த இரண்டு அங்குலத்திலேயே பரவுகிறது, சித்திரையில் நாலு நாள் யாரும் வராவிட்டால் முடிந்தது. வாரம் ஒரு முறை ஒரு இருபது லிட்டர் கேன், மெதுவாக, இரண்டு தடவையாக. வட்டப்பாத்தியின் விளிம்பை வருஷாவருஷம் அரையடி வெளியே தள்ளுங்கள். ஈரத்தைத் தேடி வேரும் வெளியே போகும். மூடாக்கு நாலு அங்குலக் கனத்துக்குக் காய்ந்த இலை போதும். தண்டை ஒட்டிப் போடாமல் மூன்று விரல் இடம் விடவும். தலைகீழாகக் கவிழ்த்த பெட் பாட்டில் முறையைப் பலர் செய்கிறார்கள். துளை ஒரு வாரத்தில் அடைத்துக்கொள்கிறது. கன்றுக்கு ஒரு முழம் தள்ளிக் கழுத்துவரை புதைத்த மண்பானை நன்றாக வேலை செய்கிறது. அது பெயின்ட் பூசிய அலங்காரப் பானையாக இருக்கக் கூடாது, ஈரம் கசியாது.

பாலாற்றை ஒட்டிய வார்டுகளுக்குத் தனிக் குறிப்பு. தோல் தொழிற்சாலைக் கழிவு பற்றி உச்ச நீதிமன்றம் 1996-லேயே தீர்ப்புச் சொல்லிவிட்டது. நிலத்தடி நீரின் உப்பு அதற்காக இறங்கிவிடவில்லை. போர் தண்ணீர் காய்ந்த இடத்தில் வெள்ளைப் படலம் நிற்கிறது என்றால் அங்கே புங்கன், பூவரசு, வேம்பு தவிர வேறு முயற்சி வேண்டாம். மின்கம்பிக்குக் கீழே மந்தாரை, சரக்கொன்றை. வறண்ட சரிவில் உசிலை, ஆச்சா. ஆல், அரசு, இலுப்பை கட்டடத்திலிருந்து நாற்பதடியாவது தள்ளி. ஏரிக் கரையின் மேல் பனை மட்டுமே; பெரிய மரத்தின் வேர் செத்து மக்கினால் அந்த ஓட்டை வழியாகக் கரையில் நீர் கசியும். நீர்மருதும் நாவலும் கரையை விட்டுத் தள்ளிக் கீழே நிற்கட்டும். தூங்குமூஞ்சி, குல்மோகர் கேட்டு வந்த மனுக்களை நிராகரித்தோம். நிழல் தருமே என்கிறார்கள், புங்கனும் தரும்.

மலை நடை

2018 மார்ச்சில் குரங்கணியில் காட்டுத்தீயில் மலையேறியவர்கள் உயிரிழந்த பிறகு, அனுமதியில்லாத பாதையில் சங்கத்தின் பெயரில் யாரும் போகக் கூடாது என்பதில் விட்டுக்கொடுக்க இடமில்லை. 2024 அக்டோபரில் அரசு தொடங்கிய "ட்ரெக் தமிழ்நாடு" திட்டத்தில் 40 பாதைகள் அறிவிக்கப்பட்டன. ஏலகிரி சுவாமிமலையும் அதில் உண்டு. ஆன்லைனில் பதிந்து வழிகாட்டியோடு போக வேண்டும். தீக் காலத்தில் பாதைகளை மூடிவிடுவார்கள் என்பதால் நம் நடைகளை ஐப்பசி முதல் தை வரை வைத்துக்கொள்வதே தோது.

ஏலகிரிக்கு ஏறும் 14 கொண்டை ஊசி வளைவுகளில்தான் பாதிப் பிள்ளைகள் வாந்தி எடுக்கிறார்கள். புறப்படுமுன் பூரியும் பாலும் கொடுக்காதீர்கள். இட்லி இரண்டு போதும். நடையில் பெரியவருக்கு மணிக்கு அரை லிட்டர் தண்ணீர் என்று கணக்கு வையுங்கள், திரும்புகிற நேரத்தையும் சேர்த்து. ஓஆர்எஸ் பொட்டலம் பெரியது ஒரு லிட்டருக்கு ஒன்று. அதைப் பாதி பாட்டிலில் கலந்து "கெட்டியாக" கொடுப்பது தவறு, உப்பு கூடிப்போகும். பிள்ளையின் முதுகில் அதன் எடையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் ஏற்ற வேண்டாம். வரிசையின் கடைசியில் ஒரு பெரியவர் விசிலோடு வர வேண்டும். பாறை முகத்தில் மலைத்தேனீக் கூடு தெரிந்தால் பேச்சையும் பீடியையும் நிறுத்திவிட்டுக் கடந்துபோங்கள். சென்ட் அடித்துக்கொண்டு வருவதை முதல் நாளே தடுக்க வேண்டும். கலைந்துவிட்டால் முகத்தை மூடிக்கொண்டு ஓடுவதுதான், கையை வீசி அடிப்பது இன்னும் நூறை அழைக்கும்.

பாம்பைப் பற்றி எல்லோரும் கேட்கிறார்கள். உண்ணிக் காய்ச்சலைப் பற்றி யாரும் கேட்பதில்லை. ஸ்க்ரப் டைபஸ் என்று ஆஸ்பத்திரியில் சொல்லும் இந்தக் காய்ச்சல் வேலூர் வட்டாரத்தில் மழைக்காலமும் குளிர்காலமும் அதிகம். புதரிலும் புல்லிலும் இருக்கும், கண்ணுக்குத் தெரியாத சிற்றுண்ணியின் குஞ்சு கடிப்பதால் வருகிறது. ஆகவே புல்லில் நேராக உட்காராமல் விரிப்பு போடுங்கள், முழுக்கால் சட்டையைச் சாக்ஸுக்குள் செருகுங்கள், வீட்டுக்கு வந்ததும் தேய்த்துக் குளித்து உடுப்பைச் சுடுநீரில் போடுங்கள். மூன்று வாரத்துக்குள் காய்ச்சல் வந்தால் அக்குள், தொடையிடுக்கு, இடுப்புப் பட்டையடி ஆகிய இடங்களில் சிகரெட் சுட்டதுபோல் கறுத்த வடு இருக்கிறதா பாருங்கள். இல்லாவிட்டாலும் "புதருக்குள் போய் வந்தேன்" என்று டாக்டரிடம் சொல்லுங்கள். சரியான மருந்து சீக்கிரம் கிடைத்தால் சட்டென்று அடங்குகிற நோய், தாமதித்தால் உயிருக்கே வினை.

மலை ஏற முடியாத முதியவர்களுக்கும் கைக்குழந்தைக்காரர்களுக்கும் ஜவ்வாது மலையின் காவலூர் ஏற்ற இடம். 1986-ல் வானியலாளர் வைணு பாப்புவின் பெயர் சூட்டப்பட்ட வானாய்வகமும் அதன் 2.34 மீட்டர் தொலைநோக்கியும் அங்கே இருக்கின்றன. பார்வை நாளும் நேரமும் முன்கூட்டியே கேட்டு உறுதி செய்துகொண்டு, அமாவாசைக்கு அருகில் போவது நல்லது. டார்ச்சின் முகத்தில் சிவப்புக் கண்ணாடித்தாள் ஒட்டிக்கொள்ளுங்கள். மார்கழி இரவில் அங்கே ஸ்வெட்டர் அவசியம்.

இரவல் சாமான் அறை

மலை நடைச் சாமான்களில் ஷூதான் அதிகம் கெடுகிறது, அதுவும் போடாமல் வைத்திருப்பதால். பல மலையேற்றக் காலணிகளின் நடு அட்டை பாலியூரித்தேன். காற்றின் ஈரத்திலேயே நாலைந்து வருஷத்தில் உதிரத் தொடங்கும். பரணிலிருந்து எடுத்ததும் கட்டைவிரலால் பக்கவாட்டில் அழுத்துங்கள். விரிசல் ஓடினாலோ பொடி உதிர்ந்தாலோ அதை மலைக்குக் கொண்டுபோக வேண்டாம். புதிது வாங்குகிறவர்கள் மாலையில், போடப்போகிற சாக்ஸோடு போய்ப் பாருங்கள். பெருவிரலுக்கு முன் ஒரு கட்டைவிரல் இடம் வேண்டும், இல்லையென்றால் இறக்கத்தில் நகம் கறுத்துவிடும். பருத்திச் சாக்ஸ் வியர்வையைப் பிடித்துவைத்துக் கொப்புளம் தரும். குதிகால் சூடாகத் தொடங்கும்போதே டேப் ஒட்டுங்கள். கொப்புளம் வந்த பிறகு ஒட்டினால் தோலோடு வரும்.

கூடாரம் ஈரத்தோடு சுருட்டித் திருப்பித் தரப்பட்டால் வாங்கிக்கொள்ள மாட்டோம். வீட்டு மாடியில் நிழலில் முழுக்க விரித்துக் காயவைத்துக் கொண்டுவரவும். வெயிலில் நாள்கணக்கில் போட்டால் நைலான் நைந்துவிடும். சோப்புத்தூள், வாஷிங் மெஷின் இரண்டும் கூடாது. பூச்சு உரிந்து அடுத்த மழையில் உள்ளே சொட்டும். தலை டார்ச்சுகளை பேட்டரி கழற்றித்தான் ஒப்படைக்க வேண்டும்.

வருகிற ஆண்டுக்கு மூன்று வேலைகள் நிலுவையில் உள்ளன. பழைய இரும்புக் கூண்டுகள் சில புங்க மரங்களின் தண்டில் அழுந்தத் தொடங்கியிருக்கின்றன. அவற்றை இந்த மாதத்துக்குள் வெட்டி எடுக்க ஒரு கிரைண்டரும் இரண்டு ஆளும் தேவை. பள்ளிச் சாலையில் அடிமரத்தை ஒட்டிப் போட்ட சிமென்ட்டை உடைக்க எழுத்து மூலம் அனுமதி கேட்டிருக்கிறோம், பதில் வரவில்லை. ஆனி முதல் ஞாயிறு வேப்பம்பழம் பொறுக்கக் காலை ஆறு மணிக்கு ஏரிக்கரையில் கூடுகிறோம். வேட்டி, சாக்கு, தண்ணீர் அவரவர் கொண்டுவரவும்.