தோற்காமலே மூடிய கிளப்

அன்புள்ள மாப்ளே,

நீ பால், ரொட்டி வாங்கப் போகிற பெல்ஃபாஸ்ட் டொனகல் ரோடு பார்க் சென்டர் கடைவளாகத்தில் ஒரு கால்பந்து கிளப்பின் நினைவுப் பலகை இருப்பதாகச் சொல்லி, "திவாலாகிப் போச்சா மாமா?" என்று கேட்டிருந்தாய். இல்லை. பெல்ஃபாஸ்ட் செல்டிக் கடன்பட்டும் மூடவில்லை, தோற்றுத் தேய்ந்தும் மூடவில்லை. கடைசியாக ஆடிய 1948-49 சீசனில்கூட லீகில் இரண்டாவது இடம். போனில் சொல்லி முடியாது என்பதால் எழுதுகிறேன்.

கிளப் தொடங்கியது 1891-ல், ஃபால்ஸ் ரோடு பக்கத்துக் கத்தோலிக்கத் தொழிலாளர்கள் நடுவில். ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ செல்டிக் கிளப்பைப் பார்த்து வைத்த பெயர். நீ நிற்கும் அந்தக் கார் பார்க்கிங்தான் அவர்களுடைய மைதானம், செல்டிக் பார்க். ரசிகர்கள் அதைச் சொர்க்கம் என்றே கூப்பிட்டார்கள். 1912-ல் அயர்லாந்துக்குத் தன்னாட்சி வேண்டும் என்று சர்ச்சில் வந்து பேசியதும் அங்கேதான். அவர் வாயிலிருந்து அப்படி ஒரு பேச்சா என்று உனக்குச் சிரிப்பு வரலாம். அப்போது அவர் லிபரல் கட்சி அமைச்சர்.

மொத்தம் 14 லீக் பட்டங்கள், 8 அயர்லாந்துக் கோப்பைகள். 1936 முதல் 1940 வரை தொடர்ந்து ஐந்து முறை சாம்பியன். அந்தக் காலத்து மேனேஜர் எலிஷா ஸ்காட், லிவர்பூலில் பெயர் வாங்கிய கோல்கீப்பர், ஒரு புராட்டஸ்டன்ட். இதைக் குறித்துக்கொள். செல்டிக் கத்தோலிக்கர்களின் கிளப்தான், ஆனால் ஆளை எடுக்கும்போது மதம் பார்க்கவில்லை. "கத்தோலிக்கன் அணி, புராட்டஸ்டன்ட் அணி, அடிதடி" என்று ஒரே வரியில் இந்தக் கதையைச் சொல்கிறவர்களிடம் எனக்குப் பொறுமை இல்லாததற்குக் காரணம் இதுதான்.

அடிதடி இருந்தது, இல்லை என்று சொல்லவில்லை. 1920 மார்ச்சில் பெல்ஃபாஸ்டின் இன்னொரு கிளப்பான கிளென்டோரனுக்கு எதிரான கோப்பை அரையிறுதியில் கூட்டம் மைதானத்துக்குள் பாய்ந்து, துப்பாக்கிச் சூடுவரை போனது. இரண்டு அணிகளையும் நீக்கிவிட்டு, இறுதி ஆட்டமே ஆடாத டப்ளின் கிளப் ஷெல்போர்னுக்குக் கோப்பையைத் தூக்கிக் கொடுத்தார்கள். கத்தோலிக்கர்-புராட்டஸ்டன்ட் மோதலில் ஊரே பற்றியெரிந்த காலம் அது. செல்டிக் லீகை விட்டு விலகி 1924-ல்தான் திரும்பியது. வந்து இரண்டாவது சீசனிலேயே பட்டம்!

சரி, 1948-க்கு வருகிறேன். டிசம்பர் 27, திங்கட்கிழமை. எதிரணி லின்ஃபீல்ட், பெல்ஃபாஸ்ட் புராட்டஸ்டன்ட்களின் கிளப். அவர்களுடைய மைதானமான விண்ட்சர் பார்க்கில் ஆட்டம். இரண்டு மைதானங்களுக்கும் நடுவில் ஒரு மைல்கூட இருக்காது. முதல் பாதியில் செல்டிக்கின் ஜிம்மி ஜோன்ஸும் லின்ஃபீல்டின் பாப் பிரைசனும் பந்துக்காக மோதிக்கொண்டார்கள். பிரைசனுக்குக் கால் முறிந்தது. தற்செயலான மோதல்தான். ஆனால் இடைவேளையில் லின்ஃபீல்டின் செயலாளர் மைக்கைப் பிடித்து, பிரைசனுக்குக் கால் முறிந்துவிட்டது என்று மைதானம் முழுக்கக் கேட்கும்படி அறிவித்தார். எரிகிற அடுப்பில் எண்ணெய் ஊற்றுவது என்றால் அதுதான்.

லின்ஃபீல்டில் ஆள் குறைந்துகொண்டே போனது. கடைசியில் மிஞ்சியது எட்டுப் பேர். ஆட்டம் முடியச் சில நிமிடங்கள் இருக்கும்போது செல்டிக்குக்கு ஒரு பெனால்டி, ஹாரி வாக்கர் அடித்தார். அந்த எட்டுப் பேரோடும் விடாமல் ஆடி, கடைசி நேரத்தில் லின்ஃபீல்டின் பில்லி சிம்ப்சன் சமன் செய்தார். 1-1. விசில் ஊதியதும் லின்ஃபீல்ட் ரசிகர் கூட்டம் உள்ளே இறங்கிவிட்டது. ஜோன்ஸைத் துரத்திப் பிடித்து, கைப்பிடிச் சுவருக்கு அந்தப் பக்கம் தள்ளி, காலாலேயே மிதித்தார்கள். கால் எலும்பு முறிந்தது. இருபது வயதுப் பையன். மேலும் சில செல்டிக் ஆட்டக்காரர்களுக்கும் அடி. போலீஸ் பக்கத்திலேயே இருந்தும் ஒன்றும் செய்யவில்லை என்று கிளப் இயக்குநர்கள் வெளிப்படையாகவே குற்றம் சாட்டினார்கள்.

ஜோன்ஸும் புராட்டஸ்டன்ட்தான், மாப்ளே. அடித்தவர்கள் பார்த்தது சட்டையை மட்டும்.

அந்த சீசனை முழுதாக ஆடி முடித்துவிட்டுத்தான் லீகிலிருந்து விலகினார்கள். அப்புறம் ஏற்கெனவே பேசியிருந்த அமெரிக்கச் சுற்றுப்பயணம். மே 29, 1949 அன்று நியூயார்க்கில் ஸ்காட்லாந்து தேசிய அணியை 2-0 என்று வீழ்த்தினார்கள். அதற்கு முந்தைய மாதம்தான் அந்த ஸ்காட்லாந்து வெம்ப்ளியில் இங்கிலாந்தை வென்று பிரிட்டிஷ் சாம்பியன் ஆகியிருந்தது. அவர்களையே தோற்கடித்துவிட்டு ஊர் திரும்பியவர்களுக்கு ஆட ஒரு லீக் இல்லை!

ஏன் மூடினார்கள் என்று இன்றுவரை சண்டை. ஆட்டக்காரர்களின் உயிருக்கு உத்தரவாதம் இல்லை என்பது நியாயமான காரணம், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதே பயம் 1920-ல் இல்லையா? அப்போது போனவர்கள் திரும்பி வந்தார்களே. என் கணிப்பு வேறு. 1927 ஏப்ரலில் அயர்லாந்தின் முதல் கிரேஹவுண்ட் நாய்ப் பந்தயம் நடந்தது செல்டிக் பார்க்கில்தான். மைதானம் கிளப் கம்பெனியின் சொத்து. கால்பந்து நின்றாலும் நாய்கள் ஓடும், டிக்கெட் விற்கும். வேறெந்தக் கிளப்பாக இருந்தாலும் வயிற்றுப்பாட்டுக்காகவாவது அடுத்த சீசன் இறங்கியிருக்கும். இவர்களுக்கு அந்த நெருக்கடி இல்லை. 1980-கள் வரை அங்கே நாய்கள் ஓடின. அப்புறம் இடித்துவிட்டுக் கடைகள் கட்டினார்கள்.

இயக்குநர்கள் மேல் எனக்குக் கோபம்தான். அடி வாங்கியவர்கள் போய்விட, அடித்தவர்களின் ஊரில் லீக் வழக்கம்போல நடந்தது. விண்ட்சர் பார்க்கைக் கொஞ்ச நாள் மூடி வைத்ததோடு தண்டனை முடிந்தது. ஃபால்ஸ் ரோட்டுக்காரனுக்குச் சனிக்கிழமை மதியம் போக்கிடம் இல்லாமல் போயிற்று. பலர் கப்பலேறி கிளாஸ்கோ செல்டிக்கின் ஆட்டத்தைப் பார்க்கப் போனார்கள்.

ஜோன்ஸ் என்ன ஆனார் என்று கேட்பாய். முறிந்த கால் கொஞ்சம் குட்டையாகிவிட்டது. அதை வைத்துக்கொண்டே கிளெனவான் அணிக்குப் போய் ஆடினார். 1952-ல் அந்த அணி லீகை வென்றது. பெல்ஃபாஸ்டுக்கு வெளியே இருந்து ஒரு கிளப் வென்றது அதுதான் முதல் தடவை. 1956-57 சீசனில் மட்டும் 74 கோல்கள் அடித்தார். வட அயர்லாந்து அணிக்கும் ஆடினார். 2014-ல்தான் இறந்தார்.

லின்ஃபீல்ட் ஆட்டத்துக்கு டிக்கெட் வாங்கியிருப்பதாகச் சொன்னாய். தாராளமாகப் போ. இன்றைக்கு அவர்களும் எல்லா மதத்து ஆட்டக்காரர்களையும் எடுக்கிறார்கள். அதற்கு முன்னால் பார்க் சென்டருக்குள்ளேயே செல்டிக் ரசிகர்கள் வைத்திருக்கிற சின்ன அருங்காட்சியகம் எப்போது திறந்திருக்கும் என்று விசாரித்துவை. அங்கே வயதானவர் யாராவது இருந்தால், நாய்ப் பந்தயத்தைப் பற்றி நான் சொன்னது சரியா என்று கேட்டு எழுது.

அன்புடன்,
மாமா