போல்ட்டை மூடினாலே சுடும் ஏர் ரைபிள்: புகார்

அனுப்புநர்:
தங்கள் வாடிக்கையாளர்,
வாடிப்பட்டி, மதுரை மாவட்டம்.

பெறுநர்:
மேலாளர் அவர்கள்,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு.

பொருள்: போல்ட் ஆக்‌ஷன் பிசிபி (சிலிண்டரில் முன்பே அடைத்த காற்றால் சுடும்) ஏர் ரைபிளில் ட்ரிக்கர் கோளாறு, விளம்பரத்தில் சொன்ன துல்லியம் இல்லாமை, பணத்தைத் திருப்பிக் கேட்டல் – தொடர்பாக.

ஐயா,

மதுரையில் உள்ள உங்கள் டீலரிடம் 0.177 அங்குலக் குழல் விட்டமுள்ள போல்ட் ஆக்‌ஷன் ஏர் ரைபிள் வாங்கியவன் நான். வாரண்டி இன்னும் முடியவில்லை. போனில் பேசினால் ஒவ்வொரு முறையும் வேறொருவர் எடுத்து முதலிலிருந்து கதை கேட்கிறார். அதனால் எழுத்தில் தருகிறேன்.

அவசரமானதை முதலில் சொல்லிவிடுகிறேன். இந்தத் துப்பாக்கி ட்ரிக்கரில் விரல் வைக்காமலே சுடுகிறது. போல்ட்டை, அதாவது குண்டு போடும் வாயைத் திறந்து மூடும் கம்பியை, பின்னுக்கு இழுத்தால் சுத்தியல் கொக்கியில் மாட்டி நிற்க வேண்டும், ட்ரிக்கரை அழுத்தினால்தான் விடுபட வேண்டும். இதில் பெல்லட்டை (ஈயக் குண்டை) வைத்து போல்ட்டை முன்னால் தள்ளி மூடும் அதிர்ச்சியிலேயே கொக்கி நழுவுகிறது. எப்போதும் அல்ல, சில நேரம். அதுதான் பயமே. எப்போதும் நழுவினால் யாரும் அதைத் தொடமாட்டார்கள். என் தோப்பில் பள்ளிப் பிள்ளைகள் பேப்பர் டார்கெட்டில் பழகுகிறார்கள். குழல் மண்மேட்டைப் பார்த்தே இருக்க வேண்டும் என்று கண்டிப்பாக வைத்திருப்பதால் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அது எங்கள் ஒழுங்கு, உங்கள் தயாரிப்பின் பெருமை இல்லை.

இதற்கு உங்கள் சர்வீஸ் பிரிவு சொன்ன பதில்: "போல்ட்டை மெதுவா தள்ளுங்க சார்."

உங்கள் கேட்லாக்கில் ரெமிங்டன் 700 என்ற அமெரிக்க ரைபிளின் படத்தைப் போட்டு, "அமெரிக்க வார்மின்ட் ரைபிள்களுக்கு இணையான துல்லியம், நம்பகம்" என்று அச்சிட்டிருக்கிறீர்கள். நீங்களே இழுத்த பேச்சு என்பதால் கேட்கிறேன். 1962 முதல் விற்கும் அந்த ரெமிங்டனிலேயே, 2006 மே முதல் 2014 ஏப்ரல் வரை செய்த எக்ஸ்-மார்க் புரோ ட்ரிக்கர்களில் ட்ரிக்கரைத் தொடாமல் சுடும் ஆபத்து இருப்பதாக 2014-இல் தெரிந்தது. அந்தக் கம்பெனியே அறிவிப்பு கொடுத்து, அந்தத் துப்பாக்கிகளைப் பயன்படுத்த வேண்டாம் என்று சொல்லி, திரும்ப வரவழைத்து ட்ரிக்கரை இலவசமாகச் சரிபார்த்துக் கொடுத்தது. இணை என்றால் இதிலும் இணையாக இருங்கள்.

துல்லியத்துக்கு வருகிறேன். வார்மின்ட் ரைபிள் என்பது அங்கே மேய்ச்சல் நிலத்தைக் குடையும் பிரெய்ரி நாய், கிரவுண்ட்ஹாக் போன்ற சிறு பிராணிகளை இருநூறு முந்நூறு கெஜத்திலிருந்து சுடுவதற்கென்று வந்தது. வரிசையாகப் பல குண்டு சுட்டால் பேரல் சூடேறி, குண்டு படும் இடம் நகரும். அது நகராமல் இருக்கத்தான் தடித்த பேரல் போடுகிறார்கள், ஸ்டாக்கில் உரசாமல் இடைவெளி விடுகிறார்கள். உங்கள் துப்பாக்கியில் தடிப்பாகத் தெரிவது வெறும் பிளாஸ்டிக் உறை. உள்ளே இருக்கும் பேரல் என் சுண்டுவிரல் பருமன் இருந்தால் அதிகம். அதையும் ஒரு வளையம் போட்டுக் காற்றுச் சிலிண்டரோடு இறுக்கிக் கட்டியிருக்கிறீர்கள். சிலிண்டரில் 200 பார் அழுத்தம் இருக்கும்போது ஓரிடம், காற்று இறங்க இறங்க வேறிடம் என்று குண்டு படும் இடம் நகர்கிறது. வளையத்தைத் தளர்த்திப் பார்க்கலாம். ஆனால் திருகைத் தொட்டால் வாரண்டி போய்விடும் என்று உங்கள் அட்டையிலேயே இருக்கிறது.

காலையில் 25 மீட்டரில் ஐந்து குண்டும் 12 மில்லிமீட்டருக்குள் விழுந்தன. குறை சொல்ல முடியாத குரூப். ஆனால் கேட்லாக்கில் உள்ள "ஒரு எம்ஓஏ-வுக்குள்" (பாகையில் அறுபதில் ஒரு பங்கு கோணத்துக்குள்) என்ற வாக்குக்கு அந்தத் தூரத்தில் 7 மில்லிமீட்டர்தான் இடம். சரி, அதைக்கூட விட்டுவிடலாம். மதிய வெயிலில் அதே பெல்லட், அதே ஸ்கோப், அதே மேஜை. குரூப் மொத்தமாக நாலு சென்டிமீட்டர் இடப்பக்கம் போய்விட்டது. வாடிப்பட்டி வெயில் உங்கள் தொழிற்சாலைக்குத் தெரியாமல் இருக்கலாம், டீலருக்குத் தெரியும். மூன்று குண்டு சுட்டு எடுத்த ஒரு நல்ல படத்தைக் கேட்லாக்கில் போட்டு விற்பது எளிது. எனக்கு வேண்டியது நேற்று விழுந்த இடத்தில் இன்றும் விழுவது. எங்கள் கிளப்பில் இருக்கும் பழைய ஜெர்மன் மேட்ச் ரைபிளுக்குப் பாலிஷ் எல்லாம் உரிந்துவிட்டது. காலை மாலை என்று பார்க்காமல் பத்து மீட்டரில் ஒரே ஓட்டையாக அடிக்கிறது.

பெட்டியில் "வினாடிக்கு 330 மீட்டர்" என்று இருக்கிறது. ஆயுத விதிகள் 2016-இன்படி 0.177-க்கு மேற்படாத, 20 ஜூல் ஆற்றலுக்கு மிகாத ஏர்கன்னுக்குத்தான் லைசென்ஸ் தேவையில்லை. சாதாரண 0.54 கிராம் ஈய பெல்லட் 330 மீட்டர் வேகத்தில் போனால் 29 ஜூல் வந்துவிடும். 20 ஜூலுக்குள் நின்றால் வேகம் 270-ஐ ஒட்டித்தான் வரும். அப்படியானால் பெட்டி பொய் சொல்கிறது, இல்லையென்றால் லைசென்ஸ் இல்லாமல் எனக்கு விற்கக் கூடாததை விற்றிருக்கிறீர்கள். எடை குறைந்த அலாய் பெல்லட்டில் எடுத்த கணக்கு என்றால் அதைப் பெட்டியிலேயே போட்டிருக்க வேண்டும். எது சரி என்று எழுத்தில் பதில் வேண்டும்.

இன்னொன்று. விற்கும்போது உங்கள் ஆள் சொன்னது: "மயிலு மட்டும் வேணாம்ணே, முயலுக்குத் தாராளமா அடிக்கலாம்." வனவிலங்கு பாதுகாப்புச் சட்டம் 1972-இன்படி முயலை அடிப்பதும் குற்றம். சிறுமலை அடிவாரத்தில் இருக்கும் எங்களிடம் இப்படிச் சொல்லி விற்பது ஆளை ஜெயிலுக்கு அனுப்பும் வேலை. அவருக்கு முதலில் சட்டத்தைச் சொல்லிக் கொடுங்கள்.

ட்ரிக்கர் செட்டை மாற்றித் தருகிறேன் என்று டீலர் சொல்கிறார். எனக்கு வேண்டாம். அதே வரிசையில் வாங்கிய என் மச்சினன் துப்பாக்கியிலும் கொக்கி நழுவுகிறது. இது ஒரு துப்பாக்கியின் கோளாறாகத் தெரியவில்லை. எனவே முழுப் பணத்தையும் திருப்பித் தர வேண்டும். பார்சல் செலவு உங்களுடையது. ஏர்கன் என்றதும் கூரியர்காரர்கள் கையை விரிக்கிறார்கள், எனவே டீலர் மூலமாக நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள். இந்த மாடலை வாங்கிய மற்றவர்களுக்கும் எச்சரிக்கை அனுப்ப வேண்டும்.

கடிதம் கிடைத்த 15 நாளுக்குள் எழுத்துபூர்வமான பதில் வராவிட்டால், நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன்கீழ் மதுரை மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் வழக்குப் போடுவேன். உங்கள் தலைமை அலுவலகம் எந்த ஊரில் இருந்தாலும், நான் குடியிருக்கும் மாவட்டத்திலேயே தொடுக்க அந்தச் சட்டம் இடம் தருகிறது. 5 லட்சம் வரை கட்டணமும் கிடையாது.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்

இணைப்பு: ரசீது நகல், வாரண்டி அட்டை நகல், காலை மதிய டார்கெட் தாள்கள், போல்ட்டை மூடும்போது சுடும் வீடியோ உள்ள பென்டிரைவ்.