வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்: லென்ஸ் கேக்க வரும்போது வீட்டோட அளவையும் கொண்டாங்க

அன்புள்ள அண்ணன், தம்பி, தங்கச்சி எல்லாருக்கும் காரைக்குடி கேமரா லென்ஸ் கடையிலேர்ந்து வணக்கம்.

தை முகூர்த்தம் நெருங்கிருச்சு. இந்த ஒரு வாரமா கடைக்கு வர்றவங்கள்ல பாதிப் பேரு வந்ததும் வராததுமா "அண்ணே, 85 இருக்கா? 1.4 தான் வேணும்"னுதான் கேக்குறாங்க. 85ங்கிறது லென்ஸோட மில்லிமீட்டர் அளவு, கூடக்கூடத் தூரத்துல இருக்கிறதைக் கிட்ட இழுக்கும். 1.4ங்கிறது லென்ஸோட வாய் திறக்கிற அளவு, எண்ணு குறையக் குறைய வாய் பெருசு, வெளிச்சம் கூட. நாங்க உடனே எடுத்துக் குடுக்காம, கல்யாணம் வீட்டுலயா மண்டபத்துலயா, கேமரா ஃபுல் ஃப்ரேமா (பெரிய சென்சார்) கிராப்பா (சின்ன சென்சார்), கூட இன்னொரு ஆளு வர்றாரான்னு கேள்வி மேல கேள்வியா கேக்குறோம். சில பேருக்கு அது சங்கடமா இருக்குன்னு தெரியுது, காசு குடுக்குறோம் லென்ஸைக் குடுங்கன்னு ஒரு தம்பி முகத்துக்கு நேராவே சொல்லிட்டாரு. அவரு கேட்டதும் நியாயம்தான். அதனால ஏன் கேக்குறோம்னு எல்லாருக்கும் ஒரு தடவை விவரமா எழுதிரலாம்னு உக்காந்தோம்.

ப்ரைம் லென்ஸ்ல ஜூம் கிடையாது. உங்க கால்தான் ஜூம். பின்னாடி போக இடம் இல்லேன்னா அந்த லென்ஸ் எவ்வளவு நல்லதா இருந்தாலும் அன்னிக்கு அது பிரயோஜனம் இல்ல, அவ்வளவுதான் விஷயம். ஒரு கணக்கு சொல்றோம், மனசுல வச்சுக்கங்க. மாப்பிள்ளை பொண்ணு ரெண்டு பேரும் நிக்கிறாங்க, தலைக்கு மேல காலுக்குக் கீழ கொஞ்சம் இடம் விட்டு 7 அடி உயரம் ஃப்ரேமுக்குள்ள வரணும், கேமராவை நெட்டுக்கு வச்சு எடுக்குறீங்க. ஃபுல் ஃப்ரேம்ல 35 போட்டா சுமார் 7 அடி தள்ளி நின்னாப் போதும், 50க்கு 10 அடி வேணும், 85க்குப் பதினாறரை அடி, 135க்கு 26 அடி. இதே லென்ஸை கிராப் பாடியில மாட்டினா ஒண்ணரை மடங்கு, அதாவது 35க்கு 10, 50க்குப் பதினஞ்சு, 85க்கு 25 அடி ஆயிரும். கேனான் கிராப்பா இருந்தா 1.6 மடங்கு, இன்னும் கொஞ்சம் கூட.

இப்ப நம்ம ஊர் செட்டிநாட்டு வீட்டை நினைச்சுப் பாருங்க. வளவை, அதாவது நடு முற்றத்தைச் சுத்தி ஓடுற பத்தி, அந்தத் தாழ்வாரம், பெரும்பாலும் ஏழெட்டு அடி அகலம்தான், அதுலயும் ஒரு பக்கம் தூண், இன்னொரு பக்கம் சுவரு. போன ஆவணியில ஒரு தம்பி கிராப் பாடிக்கு 85 வாடகைக்கு எடுத்துட்டுப் போனாரு, கானாடுகாத்தான்ல வீட்டுக் கல்யாணம். மறுநாள் வந்து ஒண்ணும் பேசாம லென்ஸை மேசையில வச்சாரு. பொண்ணை அறையிலேர்ந்து கூட்டிட்டு வர்ற நேரம் அவரு முதுகு சுவத்துல ஒட்டியிருக்கு, ஃப்ரேம்ல பொண்ணோட முகமும் கூட வர்ற ஆச்சியோட பாதித் தோளும்தான் விழுது, மிச்சம் ஒண்ணுமே வரல. லென்ஸ் மேல குத்தம் இல்ல, தம்பி மேலயும் குத்தம் இல்ல. எந்த வீடுன்னு நாங்கதான் கேக்காம குடுத்துட்டோம். அதுக்கப்புறம்தான் இந்தக் கேள்வியெல்லாம்.

ஆனா அதே வீட்டுல 85க்குன்னே ஒரு இடம் இருக்கு. வளவுக்கு நடுவுல திறந்த வாசல் இருக்குல்ல, பொண்ணை இந்தப் பக்கப் பத்தி ஓரத்துல வெளிச்சத்தைப் பாத்து நிக்க வச்சுட்டு நீங்க எதிர்ப் பக்கப் பத்திக்குப் போயிருங்க, பெரிய வீடுகள்ல அந்தத் தூரம் 16 அடிக்கு மேலயே வரும். வானத்து வெளிச்சம் முகத்துல மெத்துன்னு விழும், பின்னாடி தேக்குத் தூணு இருட்டுல அடங்கி நிக்கும், அதுக்கு மேல ஒரு லைட்டும் வேண்டாம். வாசலுக்கு நடுவுல கொண்டுபோய் நிறுத்திராதீங்க, நேர் மேலேர்ந்து வெளிச்சம் விழுந்து கண்ணு ரெண்டும் குழி மாதிரி ஆயிரும். 135 வச்சிருக்கவங்களுக்கு இன்னொண்ணு, நம்ம வீடுகள்ல முகப்பு நிலைவாசல்ல நின்னா பின்கட்டு வரைக்கும் வாசலுக்கு வாசல் நேரா தெரியும், அந்த நேர்கோட்டுல 26 அடி தாராளமா கிடைக்கும், நிலை நிலையா அடுக்கி நடுவுல ஜோடி நிக்கிற மாதிரி ஒரு படம் எடுத்துப் பாருங்க, அந்தப் படம் வேற ஊர்ல கிடைக்காது.

தரையைப் பத்தியும் சொல்லணும். ஆத்தங்குடி கல்லு, அதான் நம்ம பக்கத்துத் தரை ஓடு, சிவப்பும் பச்சையுமா இருந்தா அதுல பட்ட வெளிச்சம் மேல எழும்பி தாடைக்குக் கீழ அதே கலரைப் பூசிரும், க்ளோஸப்ல நல்லாவே தெரியும், எடிட்டிங்ல அதைக் கழுவி எடுக்குறது பெரிய பாடு. ஃப்ரேமுக்கு வெளில காலடியில ஒரு வெள்ளை வேட்டியை விரிச்சுருங்க. கலரும் போயிரும், கண்ணுக்குக் கீழ இருக்கிற நிழலும் தெளிஞ்சுரும்.

85 போட்டா முகம் அழகா வருது, 35 போட்டா மூக்கு பெருசா வருதுன்னு எல்லாரும் சொல்றாங்க. வர்றது உண்மைதான், ஆனா அது லென்ஸ் பண்றது இல்ல, நீங்க நிக்கிற தூரம் பண்றது. மார்பளவுப் படம், இரண்டரை அடி உயரம் ஃப்ரேம்ல வரணும்னா 35ல ரெண்டரை அடிக்கும் கிட்டப் போயாகணும், 85ல 6 அடி தள்ளி நிக்கலாம். மூக்கு நுனிக்கும் காதுக்கும் சுமாரா அஞ்சு இஞ்ச் இடைவெளின்னு வச்சுக்குவோம். ரெண்டரை அடியில நின்னா மூக்கு காதைவிட 17 சதவீதம் பெருசா விழும், 6 அடியில நின்னா 7 சதவீதம்தான். அதே 6 அடியில 35ஐ வச்சு எடுத்து நடுவுல வெட்டிப் பாருங்க, முகத்தோட அமைப்பு 85ல எடுத்த மாதிரியே இருக்கும். அதனால 35 கையில இருக்கிற அன்னிக்கு முகத்துக்கு நெருங்காதீங்க, ஆளையும் இடத்தையும் சேத்து எடுங்க.

குரூப் போட்டோவுல மட்டும் கதை வேற. இருபது அடி நீளத்துக்குப் பங்காளிங்க வரிசையா நிக்கிறாங்கன்னா 35க்கு 20 அடி பின்னாடி போகணும், 24 போட்டா 13 அடியில முடிஞ்சுரும், அதனால எல்லாரும் 24ஐ எடுத்துருவாங்க. ஓரத்துல நிக்கிறவங்க முகம் அதுல கிட்டத்தட்ட கால் பங்கு அகலமாயிரும், 35ல அதுல பாதிதான். ஓரத்துல யாரு நிப்பாங்க, தாய்மாமனும் பெரிய ஆச்சியும்தான் நிப்பாங்க. இடம் இருந்தா 35லயே எடுங்க, இல்லேன்னா ரெண்டு வரிசையா நிக்க வைங்க.

கழுத்துரு, அதாவது நகரத்தார் கல்யாணத்துல பொண்ணு போடுற பெரிய தாலி, அது விஷயத்துல எனக்கு நேர்ந்தது ஒண்ணைச் சொல்லணும். கடை வைக்கிறதுக்கு முன்னாடி நான் கல்யாணத்துக்குத்தான் போயிட்டிருந்தேன். ஒரு வீட்டுல திருப்பூட்டுதல் (தாலி கட்டுறது) முடிஞ்ச கையோட பொண்ணை 85ல, 1.8 வச்சு எடுத்தேன், கண்ணு அவ்வளவு ஷார்ப்பு, இமை ஒவ்வொண்ணும் எண்ணலாம். ஆல்பம் கொண்டுபோய்க் குடுத்தப்ப பொண்ணோட ஆச்சி அந்தப் பக்கத்துல நிறுத்தி, கண்ணையெல்லாம் பாக்கவே இல்ல, கழுத்துரு மேல விரலை வச்சு "இது ஏன் தம்பி கலங்கலா இருக்கு?"ன்னு கேட்டாங்க. பதில் சொல்ல முடியல. 85ல 1.8 வச்சு 2 மீட்டர்ல நின்னா ஷார்ப்பா விழுற ஆழம் மொத்தமே 6 சென்டிமீட்டர்தான், ஒண்ணரை மீட்டருக்குக் கிட்டப் போயிட்டா மூணு சொச்சம். பொண்ணு தலையைக் கொஞ்சம் பின்னாடி சாச்சிருந்தாலே கண்ணு ஒரு இடம், முன்னாடி தொங்குற கழுத்துரு இன்னொரு இடம். எஃப் 4க்குக் கொண்டுபோனா 13 சென்டிமீட்டர் கிடைக்கும், ரெண்டும் தெளிவா வரும், பின்னாடியும் போதுமான அளவு மங்கும். அந்த வீட்டுக்காரங்க காலத்துக்கும் படத்துல வச்சுப் பாக்கப்போற நகை அது, மணவறையைத் தாண்டினா மணிவிழாவுக்குத்தான் திரும்பப் போடுவாங்க. 1.4 வாங்குறது எல்லாத்தையும் 1.4லயே எடுக்குறதுக்கு இல்ல, தயவுசெஞ்சு நினைவுல வைங்க. நகையை மட்டும் தனியா கிட்டப் போய் எடுக்கணும்னா 85 உதவாது, பெரும்பாலான 85 1.8 லென்ஸ் 80 சென்டிமீட்டருக்குக் கிட்ட ஃபோகஸே ஆகாது. அதுக்கு ரொம்பக் கிட்டப் போய் எடுக்குற 100 மேக்ரோ, இல்லேன்னா 35 சென்டிமீட்டர் வரைக்கும் கிட்டப் போற கேனான் 50 1.8 எஸ்டிஎம் மாதிரி ஒண்ணு.

அப்ப எதுக்கு 1.8, கேமராவோட சேந்து வர்ற கிட் லென்ஸ் போதாதான்னு கேப்பீங்க. 18-55 கிட் லென்ஸை 55ல வச்சா 5.6 தான் திறக்கும், 1.8 அதைவிடக் கிட்டத்தட்ட 10 மடங்கு வெளிச்சம் உள்ள விடும். ஐஎஸ்ஓ, அதாவது வெளிச்சத்துக்கு ஏத்த உணர்வு அளவு, 6400ல எடுக்கவேண்டியதை 640ல எடுத்துரலாம், படத்துல புள்ளி குறையும். வேற ஊர்ல ஃப்ளாஷைக் கூரைக்குத் திருப்பி பவுன்ஸ் பண்ணிட்டுப் போயிரலாம், இங்க மேல பர்மா தேக்கு, அதுல பட்டுத் திரும்புற வெளிச்சம் காவி கலந்து வரும், முகம் முழுக்க மஞ்சக்குளிச்ச மாதிரி. சுவத்துல அடிச்சா முட்டை வெள்ளைக்கரு சேத்து இழைச்ச பூச்சு கண்ணாடி மாதிரி பளிச்சுன்னு ஒரு புள்ளியா திருப்பி அடிக்கும். விடியக்காலை முகூர்த்தத்துக்கு இந்த வீடுகள்ல வேகமான ப்ரைம்தான் கை குடுக்கும்.

மண்டபம்னா நிலைமை தலைகீழ். இடம் இருக்கு, ஆனா உங்களுக்கும் மேடைக்கும் நடுவுல கிம்பலோட வீடியோ தம்பி, செல்போன் தூக்கின சொந்தக்காரங்க, அட்சதை போட எந்திரிக்கிற கூட்டம். பதினாறு அடி தள்ளி 85ல காத்துட்டு இருந்தீங்கன்னா தாலி ஏறுற அந்த நாலு செகண்டுல ஒரு முதுகு வந்து நிக்கும். அந்த நேரத்துக்கு 35, மேடை மேலயே, ஐயர் பக்கத்துல ஒதுங்கி உக்காந்து எடுங்க. 85 அதுக்கு முன்னாடியும் பின்னாடியும், அம்மா கண்ணு கலங்குறது, தங்கச்சி ஜடையைச் சரி பண்றது, அவங்களுக்குத் தெரியாம தள்ளி நின்னு எடுக்குறதுக்கு.

ரெண்டு பாடி இருந்தா ஒண்ணுல 35, ஒண்ணுல 85, யோசிக்கவே வேண்டாம். ஒரே ஃபுல் ஃப்ரேம் பாடி, ஒரே லென்ஸ்தான் வாங்க முடியும்னா 35 1.8 வாங்குங்க, இது எங்க அபிப்பிராயம், 50 சொல்றவங்களும் இருக்காங்க. கிராப் பாடி வச்சிருக்கவங்க 85ஐ முதல்ல தொடாதீங்க. உங்க கேமராவுல 50 போட்டாலே 75 மாதிரி விழும், அதுதான் உங்க போர்ட்ரெய்ட் லென்ஸ், விலையும் கம்மி, கேனான் எஸ்டிஎம்னா 160 கிராம்தான் கனம். கூட ஒரு 35 சேந்தா கல்யாணம் முடிஞ்சுரும். 50னா பழைய லென்ஸுன்னு முகம் சுழிக்காதீங்க. பிரெஞ்சு போட்டோகிராபர் ஹென்றி கார்த்தியே ப்ரெஸ்ஸான், 1950ல ரமண மகரிஷி சமாதியான சமயத்துல திருவண்ணாமலையில இருந்தவரு, வாழ்நாள்ல பெரும்பாலும் 50லதான் எடுத்தாரு. 1.8க்கும் 1.4க்கும் வித்தியாசம் முக்கால் ஸ்டாப்புக்கும் கம்மி (ஒரு ஸ்டாப்புன்னா வெளிச்சம் ரெண்டு மடங்கு), அந்தப் பணத்துல ரெண்டாவது லென்ஸே வாங்கிரலாம்.

செகண்ட் ஹேண்ட் தேடுறவங்களுக்கு ஒண்ணு. நிக்கான் 50 1.8டி மாதிரி ஏஎஃப்-டி லென்ஸ்ல மோட்டார் கிடையாது, பாடிதான் அதைத் திருப்பணும். டி5600, டி3500ல பாடியிலயும் மோட்டார் கிடையாது, ஆட்டோஃபோகஸ் வேலையே செய்யாது. நல்ல விலைக்குக் கிடைச்சுதுன்னு வெளியூர்ல வாங்கிட்டு வந்து இங்க கலங்கி நின்னவங்க மூணு பேரு. வாங்குறதுக்கு முன்னாடி பாடி பேரைச் சொல்லி ஒரு போன் போடுங்க, எங்ககிட்ட வாங்கலேன்னாலும் பரவால்ல.

கடைக்குள்ள தரையில 7, 10, 16 அடியில டேப் ஒட்டி வச்சிருக்கோம். 25 வேணும்னா ஷட்டரைத் தூக்கிட்டு ரோட்டு ஓரம் வரைக்கும் போகணும், காலையில பத்து மணிக்குள்ள வந்தா வண்டி கம்மி. உங்க பாடியும் கார்டும் கையோட கொண்டாங்க, மூணு லென்ஸையும் மாட்டி ஒரே ஆளை எடுத்துப் பாத்துட்டு அப்புறம் முடிவு பண்ணுங்க. வீட்டுக் கல்யாணம்னா முன்னாடி நாள் போய்ப் பத்தி அகலத்தையும் வாசல் அகலத்தையும் அளந்து எழுதிட்டு வாங்க, டேப் இல்லேன்னா அடி வச்சு நடந்து எண்ணினாலும் போதும். தை மாசத்துக்கு 35 ரெண்டு, 85 ஒண்ணு இன்னும் புக் ஆகாம இருக்கு.

அன்போட,
கடையிலேர்ந்து
காரைக்குடி