பண்டிகை இதழில் கேக் செய்முறையை முழுசாகப் போடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் ஞாயிறு இணைப்பில், கையில் போன் இருக்கும்போது சமையல் புத்தகம் எதற்கு என்று கேட்டு வந்திருந்த கட்டுரையைப் படித்தேன். எழுதியவர் சொல்வதில் பாதி சரிதான். ரொட்டி மாவை எப்படி மடித்து அழுத்திப் பிசைவது என்பதை ஒரு பக்கத்துக்கு எழுதுவதைவிட அரை நிமிட வீடியோவில் காட்டிவிடலாம், அதை மறுக்க முடியாது. ஆனால் அதே இணைப்பின் கடைசிப் பக்கத்தில் ஒரு வெண்ணெய் கேக் செய்முறை போட்டிருந்தீர்களே, அதைப் பார்த்த பிறகுதான் இதை எழுத உட்கார்ந்தேன். மைதா இரண்டு கப், சர்க்கரை ஒரு கப், வெண்ணெய் தேவையான அளவு, முட்டை மூன்று, பேக்கிங் சோடா சிறிதளவு, எல்லாவற்றையும் நன்றாகக் கலந்து சூடான ஓவனில் வைத்துப் பொன்னிறமானதும் எடுக்கவும். முடிந்தது. எந்தக் கப், எவ்வளவு சூடு, எந்த அளவுப் பாத்திரம், சுமார் எத்தனை நிமிடம், ஒன்றுமே இல்லை. இப்படிப் போட்டால் வாசகர் வீடியோவைத் தேடிப் போகாமல் வேறு என்ன செய்வார்?

குழம்போ சூப்போ என்றால் 'தேவையான அளவு' பரவாயில்லை. கரண்டியில் எடுத்து நாக்கில் வைத்துப் பார்க்கலாம், உப்பு குறைந்தால் போடலாம், கெட்டியானால் தண்ணீர் விடலாம், கடைசி நிமிடம்வரை அது நம் கையில்தான் இருக்கிறது. கேக் அப்படி இல்லை. ஓவன் கதவைச் சாத்திய பிறகு கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டு நிற்கலாம், அவ்வளவுதான் நம்மால் முடிந்தது. அதனால்தான் பேக்கிங்குக்கு மட்டும் அளவு இவ்வளவு முக்கியமாகிறது. கைப்பக்குவம் வேண்டாம் என்று சொல்லவில்லை. அது வருகிறவரைக்கும் பிடித்துக்கொள்ள எண்கள் வேண்டும்.

கப் விஷயத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். அமெரிக்கச் சமையல் புத்தகங்களில் ஒரு கப் என்றால் ஏறத்தாழ 240 மில்லி, ஆஸ்திரேலியப் புத்தகங்களில் 250 மில்லி. டேபிள்ஸ்பூன் பெரும்பாலான நாடுகளில் 15 மில்லி, ஆஸ்திரேலியாவில் 20. இதையாவது பொறுத்துக்கொள்ளலாம், மைதாவை எப்படி அள்ளுகிறோம் என்பதில்தான் பெரிய வித்தியாசமே வருகிறது. ஸ்பூனால் மெதுவாக எடுத்துப் போட்டு, மேலே கத்தியின் முதுகால் வழித்துவிட்டால் ஒரு கப் மைதா சுமார் 120 கிராம் நிற்கும். கப்பையே டப்பாவுக்குள் விட்டு அமுக்கி அள்ளினால் அதே கப் 150 கிராம்வரை போகும். இரண்டு கப் என்று நீங்கள் போட்டதில் 60 கிராம் கூடவோ குறையவோ ஆகலாம், மெத்தென்ற கேக்கும் தொண்டையை அடைக்கிற கேக்கும் பிரிகிற இடம் அதுதான். இருவரும் உங்கள் செய்முறையை அப்படியே பின்பற்றியவர்கள்! ஒருவர் பத்திரிகையை வாழ்த்துவார், இன்னொருவர் தன் கைராசியை நொந்துகொள்வார். கிராமில் போட்டிருந்தால் இந்தப் பிரச்சினையே கிடையாது. டிஜிட்டல் தராசு இல்லாத வீட்டுக்காகப் பக்கத்திலேயே கப் கணக்கையும் போடுங்கள், எந்தக் கப் என்று ஒரு வரியும் சேர்த்து.

அடுத்தது பாத்திரம். இதை யாரும் கண்டுகொள்வதில்லை என்பது என் நெடுநாள் வருத்தம். 20 சென்டிமீட்டர் வட்டத் தட்டுக்கும் 23 சென்டிமீட்டர் தட்டுக்கும் கண்ணுக்குப் பெரிய வித்தியாசம் தெரியாது, மூன்று சென்டிமீட்டர்தானே என்று தோன்றும். ஆனால் பரப்பு என்று கணக்குப் போட்டால் முதலாவது சுமார் 314 சதுர சென்டிமீட்டர், இரண்டாவது 415. ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு அதிகம். ஆகவே சின்னத் தட்டுக்கு எழுதிய மாவைப் பெரிய தட்டில் ஊற்றினால் அது மெல்லிசாகப் பரவி, சொன்ன நேரத்துக்கு முன்பே வெந்து காய்ந்துவிடும். பெரியதற்கு எழுதியதைச் சின்னதில் ஊற்றினால் ஓரமெல்லாம் கருகினாலும் நடுவில் மாவு பச்சையாகவே நிற்கும். "20 சென்டிமீட்டர் வட்டத் தட்டு" என்று போட எவ்வளவு இடம் பிடிக்கும், சொல்லுங்கள்.

சோடா 'சிறிதளவு' என்று இருந்ததைப் பற்றியும் ஒரு வார்த்தை. பேக்கிங் சோடா தன் வேலையைச் சரியாகச் செய்யப் புளிப்பாக ஏதாவது கூட இருக்க வேண்டும், தயிரோ மோரோ எலுமிச்சைச் சாறோ. பேக்கிங் பவுடரில் அந்த அமிலமும் சேர்ந்தே வருகிறது, அதனால் சோடா அதைவிட மூன்று நான்கு மடங்கு வீரியமானது, ஒன்றுக்குப் பதில் இன்னொன்றை அதே அளவில் போட முடியாது. நீங்கள் கொடுத்த பட்டியலில் புளிப்பான பொருள் ஒன்றுகூட இல்லை. அந்தக் கேக் சோப்பு வாசனை அடித்தால் அது செய்தவர் குற்றம் ஆகாது. (முட்டையும் ஈஸ்டும் ஒத்துக்கொள்ளாத மனைவிக்காக ஆல்ஃபிரட் பர்ட் என்ற ஆங்கிலேய மருந்தாளர் 1843-இல் ஒரு பேக்கிங் பவுடரைச் செய்தார். இன்று எத்தனையோ வீட்டு அலமாரிகளில் நிற்கிற டப்பாவுக்குப் பின்னால் இப்படி ஒரு வீட்டுக்காரர் இருக்கிறார் என்பது எனக்குப் பிடித்த விஷயம்.)

இந்த அரைகுறை எழுத்து இன்று நேற்று வந்ததல்ல. ஏறத்தாழ 3,700 ஆண்டுகளுக்கு முந்தைய பாபிலோனியக் களிமண் பலகைகள் சில யேல் பல்கலைக்கழகத்தில் இருக்கின்றன, அவற்றில் குழம்பு, இறைச்சிச் சாறு வகைகளுக்கான செய்முறைகள் பொறிக்கப்பட்டிருக்கின்றன. அவற்றிலும் என்ன போட வேண்டும் என்று இருக்கிறதே தவிர எவ்வளவு என்பது பெரும்பாலும் இல்லை. அதில் தப்பும் இல்லை, ஏற்கெனவே சமைக்கத் தெரிந்தவருக்கு அது ஒரு ஞாபகக் குறிப்பு போதும். புதிதாக அடுப்படிக்குள் நுழைகிறவரையும் நினைத்து எழுதும் பழக்கம் ரொம்பப் பின்னால்தான் வந்தது. இங்கிலாந்தில் எலிசா ஆக்டன், கவிதை எழுதிக்கொண்டிருந்தவர், 1845-இல் வெளியிட்ட சமையல் புத்தகத்தில் ஒவ்வொரு செய்முறைக்கும் பொருட்களையும் அளவையும் வேகும் நேரத்தையும் தனியாகத் தொகுத்துக் கொடுத்தார். அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் சமையல் பள்ளி நடத்திய ஃபேனி ஃபார்மர் 1896-இல் வெளியிட்ட தன் சமையல் புத்தகத்தில் ஒரு படி மேலே போய், கப்பாகட்டும் ஸ்பூனாகட்டும் மேலே வழித்து மட்டமாக்கித்தான் அளக்க வேண்டும் என்று அடித்துச் சொன்னார். அவருடைய பதிப்பாளருக்கு அந்தப் புத்தகத்தில் நம்பிக்கையே இல்லை, முதல் 3,000 பிரதிகளுக்கு அச்சுச் செலவை ஃபார்மரே ஏற்க வேண்டியிருந்தது. அப்புறம் அது லட்சக்கணக்கில் விற்றது. அந்த அம்மாள் அன்றைக்குச் சொன்னதை இன்றைக்கும் ஒரு பத்திரிகைக்கு நினைவூட்ட வேண்டியிருக்கிறதே என்பதுதான் என் ஆதங்கம்.

இவ்வளவும் குறையாகவே சொல்லிவிட்டேன். சமையல் புத்தகம் எதற்கு என்ற கேள்விக்கு நேரான பதிலையும் சொல்லிவிடுகிறேன்: படிப்பதற்கு! சமைப்பதற்கு மட்டும் அதை வாங்குகிறவர்கள் குறைவு. என்னைப் போன்றவர்கள் இரவில் படுத்துக்கொண்டு கதைப் புத்தகம் மாதிரி படிக்கிறோம், செய்யவே போகாத பலகாரங்களை மனசுக்குள் செய்து முடித்து, சாப்பிட்டும் விடுகிறோம். வீடியோவில் தேடியது மட்டும்தான் கிடைக்கும், இல்லையென்றால் அது காட்ட நினைப்பதைக் காட்டும். புத்தகத்தில் எலுமிச்சை பிஸ்கட்டைத் தேடிப் போனால் எதிர்ப்பக்கத்தில் இஞ்சி கேக் இருக்கும், பிஸ்கட் மறந்துபோய்விடும். அப்புறம் அந்த ஓரக்குறிப்புகள். "சர்க்கரை 20 கிராம் குறைக்கலாம்", "நம்ம ஓவனில் 10 நிமிடம் கூட", "விருந்தாளிக்கு இரட்டிப்பு" என்று பென்சிலில் எழுதி, வெண்ணெய்க் கறை பட்டு எழுத்துகள் கண்ணாடிபோல ஆகிவிட்ட ஒரு பக்கம் இருக்குமே, புத்தகத்தை மேசைமேல் போட்டால் தானாக அந்தப் பக்கம்தான் விரியும். அடுத்த தலைமுறைக்கு ஒரு வீட்டின் சமையல் இப்படித்தான் போய்ச் சேருகிறது. மாவு ஒட்டிய விரலோடு போன் திரையைத் தேய்த்துத் தேய்த்து, "அந்த இடத்தை இன்னொரு தடவை காட்டு" என்று பின்னுக்கு ஓட்டுகிற அவஸ்தையைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை, கட்டுரை எழுதியவரும் பட்டிருப்பார்.

இப்போது விடுமுறைக் காலம் வருகிறது, உங்கள் பண்டிகைச் சிறப்பிதழும் வரும். வருஷம் முழுக்க ஓவனைப் பாத்திரம் அடுக்கும் அலமாரியாக வைத்திருப்பவர்கள்கூட அதைக் காலிபண்ணித் துடைத்து எடுக்கிற நேரம் இது. தினசரிச் சமையலில் பாதி அவசரம், பாதி கடமை. விடுமுறை பேக்கிங் அப்படியில்லை, யாரும் கேட்காமலே, தேவைக்கு மேலேயே செய்கிறோம், கொடுப்பதற்காகவே செய்கிறோம். இதில் பாதி சந்தோஷம் முன்கூட்டியே திட்டமிடுவதில் இருக்கிறது. பழ கேக்குக்கு உலர்ந்த பழங்களை ஊறப்போடுவது, பண்டிகைக்கு ஒரு மாதம் முன்பே கேக்கைச் செய்து இறுகச் சுற்றி வைப்பது (நாள் ஆக ஆகச் சுவை கூடும் கேக் வகை அது), பிஸ்கட் மாவை உருட்டி ஃபிரிட்ஜில் வைப்பது. குளிர வைப்பது வெறும் சம்பிரதாயம் இல்லை. வெண்ணெய் இறுகி இருந்தால்தான் ஓவனில் அது உருகி ஓடுவதற்குள் மாவு வேகும், வெட்டிய நட்சத்திரம் நட்சத்திரமாகவே வெளியே வரும், இல்லையென்றால் எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டி ஒரே தட்டையான கண்டமாகிவிடும். குழந்தைகள் கையில் அச்சைக் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் நிற்கிறவர்களுக்கு இந்த ஒரு வரி எவ்வளவு கண்ணீரை மிச்சப்படுத்தும் தெரியுமா?

பண்டிகைப் பலகாரத்துக்காக மனிதர்கள் எவ்வளவு தூரம் போயிருக்கிறார்கள் என்பதற்கு ஜெர்மானியர்களின் ஸ்டாலன் ரொட்டி ஒன்று போதும். கிறிஸ்துமஸுக்கு முந்தைய நோன்புக் காலத்தில் வெண்ணெய்க்குத் தடை இருந்ததால் அங்கே எண்ணெயில்தான் அதைச் செய்ய வேண்டியிருந்தது, ருசியே இல்லை என்று போப்பாண்டவருக்கே முறையிட்டு, கடைசியில் 1491-இல் எட்டாம் இன்னசென்ட் போப்பிடமிருந்து வெண்ணெய் போட அனுமதிக் கடிதம் வாங்கினார்கள். அந்த வெண்ணெயைத்தான் நீங்கள் 'தேவையான அளவு' என்று எழுதிவிட்டீர்கள்.

'பொன்னிறம்' பற்றியும் சொல்லிவிடுகிறேன். அது நல்ல அடையாளம்தான், தனியாகப் போதாது. மாவிலுள்ள புரதமும் சர்க்கரையும் சூட்டில் சேர்ந்து பழுப்பாகி மணம் கிளப்புவதை 1912-இல் மயார் என்ற பிரெஞ்சு வேதியியலாளர் விளக்கினார். சுமார் 140 டிகிரி செல்சியஸை ஒட்டித்தான் அது சுறுசுறுப்பாகிறது. உள்ளே ஈரம் இருக்கும்வரை சூடு 100 டிகிரியைத் தாண்டாது, அதனால் மேல்தோல் மட்டும் சிவக்கிறது. ஓவன் அதிகச் சூடாக இருந்தால் மேலே பொன்னிறம், உள்ளே கூழ். ஆகவே நிறத்தோடு இன்னும் இரண்டு அடையாளம் எழுதுங்கள்: நடுவில் குத்திய குச்சி மாவு ஒட்டாமல் வருகிறதா, விரலால் மெல்ல அமுக்கினால் மறுபடி எழும்புகிறதா. காற்றாடி உள்ள ஓவன் என்றால் 20 டிகிரி குறைக்கச் சொல்லுங்கள். வீட்டு ஓவன்கள் காட்டுகிற சூடு ஒன்று, உள்ளே இருக்கிற சூடு வேறு என்பது சகஜம், அதையும் ஒரு வரியில் எச்சரித்துவிடுங்கள்.

இன்னொரு வேண்டுகோள், அச்சுக்கு அனுப்புவதற்கு முன்னால் அந்தச் செய்முறையை எழுதாத ஒருவர், தன் வீட்டு ஓவனில், எழுதியிருப்பதை மட்டும் பார்த்து ஒருமுறை செய்துவிடட்டும். விட்டுப்போன வரி எல்லாம் அங்கே தானாகத் தெரிந்துவிடும்.

இடம் இல்லை என்று சொல்வீர்கள், தெரியும். அரைப்பக்கத்துக்கு ஒரு கேக் படம் போட்டிருந்தீர்கள், அதைக் கால்பக்கமாக்கினால் நான் கேட்டதெல்லாம் அடங்கிவிடும். அதுவும் முடியாது என்றால் இதையாவது போடுங்கள், நான்கே வரி: மூன்று முட்டையை ஓட்டோடு எடை போடுங்கள், அதே எடைக்கு வெண்ணெய், சர்க்கரை, மைதா எடுங்கள், ஒன்றரை டீஸ்பூன் பேக்கிங் பவுடரை மைதாவோடு சலியுங்கள். கையால் அமுக்கினால் பள்ளம் விழுகிற அளவுக்கு இளகிய வெண்ணெயைச் சர்க்கரையோடு வெளுத்துப் பஞ்சாகும்வரை அடித்து, முட்டையை ஒவ்வொன்றாக ஊற்றி அடித்து, மைதாவைப் போட்டு மாவுத் தூள் மறைந்ததும் கிளறுவதை நிறுத்துங்கள். வெண்ணெய் தடவிய 20 சென்டிமீட்டர் வட்டத் தட்டில் ஊற்றி, 180 டிகிரியில் (காற்றாடி ஓவனுக்கு 160) வையுங்கள். 30 நிமிடம் ஆனதும் குச்சி விட்டுப் பார்க்க ஆரம்பியுங்கள், அதுவரை கதவைத் திறக்காதீர்கள்.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகி